மைக்கில் போன மாலத்தீவு

தன் மாலத்தீவைப் புருஷன் பேச்சிராஜ் மைக்கில் தூக்கிக் கொடுத்ததை முத்துசெல்வி பந்தியில் நின்றுதான் கேட்டாள். கையில் அவியல் வாளி இருந்தது. மணப்பெண்ணின் தாய்மாமன் பெண்டாட்டி நிற்க வேண்டிய இடம் மேடை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை என்று பெண்ணைப் பெற்ற நாத்தனார் பாலம்மாள் அவளைக் கீழே துரத்திவிட்டிருந்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாவது வரிசையில் பாதி தூரம் வந்திருப்பாள், ஒலிபெருக்கி கரகரத்தது.

"மணமகள் ஜெயபிரியாவின் தாய்மாமன், தென்காசி பேச்சிராஜ் அவர்கள் மணமக்களுக்கு வழங்கும் அன்புப் பரிசு! மாலத்தீவிலே, கடலுக்கு மேலேயே கட்டிய ஐந்து நட்சத்திர ஓட்டலிலே மூன்று நாள்! ஜூலை இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வரை! தாய்மாமன்னா இவருதான்யா தாய்மாமன்!"

மண்டபமே கை தட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இடது கையால் இலையோரம் தட்டினார்கள். "அவியல் வைங்கம்மா" என்றார் ஒரு பெரியவர். முத்துசெல்வி வைத்தாள். எவ்வளவு வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவர் இலையில் சோறு இருக்கிற இடம் மறைந்துவிட்டது.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன் செய்வதை ஊர் கேட்கச் சொல்லியாக வேண்டும். அதில் தப்பில்லை. பேச்சிராஜ் ஒரு மோதிரத்தோடுதான் மேடை ஏறினான். அவனுக்கு முன்னால் பெண்ணின் சித்தப்பா மாப்பிள்ளைக்கு பைக் என்று சொல்ல வைத்துவிட்டார். சாவியைக் கூடத் தூக்கிக் காட்டினார். அந்த இடத்தில்தான் பேச்சிராஜுக்கு மோதிரம் சுண்டைக்காயாகிப் போனது. மைக் பிடித்திருந்தவர் காதில் போய் ஏதோ ஓதினான். ஓதியது அவன் பொருளாக இருந்திருந்தால் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

அது முத்துசெல்வியின் பொருள். நாலு வருஷச் சேமிப்பு.

முத்துசெல்வி ஆலங்குளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தினமும் தென்காசியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். பக்கத்து மேசை ஹம்னாதான் கிரெடிட் கார்டு பாயிண்ட் என்று ஒன்று இருப்பதையும், அதை ஓர் ஓட்டல் குழுமத்தின் உறுப்பினர் கணக்குக்கு மாற்றினால் காசில்லாமல் தங்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். செல்போனில் ஒரு படமும் காட்டினாள். மரத்தூண் மேல் ஒரு வீடு, கட்டிலை விட்டு இறங்கினால் கடல், தண்ணீரில் மிதக்கிற தட்டில் காலைச் சாப்பாடு. "இதைக் கொண்டுவந்து வைக்கிறது யாரு?" என்று கேட்டாள் முத்துசெல்வி. "ஓட்டல்காரங்கதான் அக்கா." அந்த ஒரு பதிலில் அவள் விழுந்துவிட்டாள்.

அதன் பிறகு ஆபீசில் யார் எதை வாங்கினாலும் முத்துசெல்வி கூடவே போய் நின்றாள். ஒருவர் வீட்டுக்கு மோட்டார், ஒருவர் மகனுக்கு லேப்டாப், ஒருவருக்கு இன்சூரன்ஸ். "ரூவாயை என் கையில குடுங்க, கார்டை நான் தேய்க்கேன்." கார்டுக்கு ரெண்டு சதவீதம் கூட ஆகும் என்ற கடைக்காரர்களோடு மல்லுக்கு நின்றாள். முதுகுக்குப் பின்னால் 'கார்டுக்காரி' என்று சிரித்தார்கள். வீட்டில் பேச்சிராஜ் முன்னால் நின்றே சிரித்தான். "இந்தப் பாயிண்டை வச்சு நாக்கு வழிக்கப் போறியா?" என்பான். ஜெயபிரியாவுக்குக் கட்டிலும் பீரோவும் வாஷிங் மெஷினும் எடுத்தபோதுகூட அவள்தான் கார்டோடு போனாள். பாலம்மாள் அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டாள், குறை சொல்லக்கூடாது. அத்தோடு பாயிண்ட் நிறைந்தது. மழைக்காலத்தில் போனால் அந்தத் தீவுக்குப் பாதிப் பாயிண்டுதான் என்று ஹம்னா சொன்னாள். ஜூலையில் மூன்று நாள் பதிவு செய்தாள். தன் பெயர் முதலில், பேச்சிராஜ் பெயர் இரண்டாவதாக. பாஸ்போர்ட்டுக்கு அவனை இழுத்துக்கொண்டு அலைந்ததும் அவள்தான்.

ஜூலை என்றால் குற்றாலம் சீசன். சாரல் விழ ஆரம்பித்தால் முத்துசெல்வி வீட்டில் பாய் விழ ஆரம்பிக்கும். "ஐந்தருவில தண்ணி விழுதா?" என்று போன் வரும். விழுகிறது என்று சொன்னால் வெள்ளிக்கிழமை ராயகிரியிலிருந்து வேன் வந்து நிற்கும். பாலம்மாள், அவள் புருஷன், கொழுந்தன்மார், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள். எண்ணெய் தேய்த்து, குளித்து, கண் சிவந்து, பசியோடு திரும்புவார்கள். அருவியில் குளித்த பசி சாதாரணப் பசி இல்லை. கோழி போதாது, சோறு போதாது, முத்துசெல்வியும் போதாது. கொடியெல்லாம் ஈரத் துண்டு. இருபத்துமூன்று சீசன் இப்படி. வீட்டிலிருந்து அருவிக்கு இருபது நிமிஷம். அவள் கடைசியாக அதில் தலை நனைத்தது எப்போது என்று கேட்டால் ஒரு வருஷத்தைச் சொல்வாள், அது சரியா என்று அவளுக்கே சந்தேகம்.

அப்படிப்பட்டவள் மூன்று நாள் விருந்தாளியாக இருக்க ஆசைப்பட்டாள். அதைத்தான் மைக்கில் கொடுத்துவிட்டான்.

பந்தி முடிந்ததும் சமையல் சாமான் வைத்திருந்த அறைக்குள் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீய?"

"சத்தம் போடாத. சம்பந்தக்காரங்க வெளிய நிக்காங்க."

"யாரைக் கேட்டு?"

"அவ சித்தப்பன் பைக்கைக் குடுத்துட்டான். நான் மோதிரத்தைத் தூக்கிட்டு நிக்க முடியுமா? மாப்பிள்ளை துபாய்க்காரரு, பிரியாவுக்கும் பாஸ்போர்ட் ரெடி. நல்லாத்தானே அமைஞ்சிருக்கு. நாம என்ன ரூவா போட்டா வாங்குனோம்? சும்மா வந்ததுதானே!"

சும்மா! அந்த வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி நாலு வருஷம் கடை கடையாக நின்றது சும்மா. கேலிப் பேச்சு கேட்டது சும்மா. அவள் செய்கிற எதற்குத்தான் இந்த வீட்டில் விலை இருந்தது, இதற்கு இருக்க?

"கடல்தானே உனக்கு வேணும்?" என்றான் பேச்சிராஜ், சமாதானமாக. "திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஊருலதான் அருவியே இருக்கே."

அதற்குள் பாலம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏட்டி செல்வி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. அந்தப் பாயிண்டுல பாதி எங்க கட்டில் பீரோவுல வந்ததுதானே? எங்களுக்கு வந்தது எங்களுக்கே வருது. வா, பாயசம் வைக்க ஆளில்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஆயிரம் இருந்தது. கல்யாண வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். பாயசம் ஊற்றும்போதுதான் அந்தத் தேதி அவள் மண்டையில் தட்டியது. ஜூலை இருபத்திரண்டு. அது ஆடி மாசம் அல்லவா? கல்யாணம் நடப்பது ஆனியில். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்திருக்கக்கூடாது. அப்படிப்பட்ட மாசத்தில் இரண்டு பேரையும் தீவில் கொண்டுபோய் ஒரே அறையில் வைக்கிறேன் என்று ஒரு தாய்மாமன் தேதியோடு மைக்கில் சொல்கிறான், ஊரும் கை தட்டுகிறது! முத்துசெல்வி வாயைத் திறக்கவில்லை. எப்படியும் தன்னிடம்தான் திரும்பி வரும் என்று நினைத்தாள். பாவம், அவள் பாலம்மாளைக் குறைத்து எடை போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்து முத்துசெல்வி வீட்டில். கல்யாணத்துக்கு ராயகிரியிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பவில்லை, தண்ணீர் நன்றாக விழுகிறதாம். முப்பது பேருக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து பேச்சிராஜ் குரல் கொடுத்தான்.

"செல்வி, இங்கன வா. ஓட்டலுக்குப் போன் போட்டிருக்கேன். பேரு மாத்தணும்னா நீதான் சொல்லணுமாம். ஆமான்னு மட்டும் சொல்லு, போதும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடம் நிறைய ஆட்கள். சோபாவில் மாப்பிள்ளை மணிமுத்துவும் அவன் அம்மாவும். தரையில் பாலம்மாள் கூட்டம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஓட்டல் பெண் தமிழிலேயே பேசினாள்.

"வணக்கம் மேடம். ஜூலை இருபத்திரண்டிலிருந்து மூணு நைட் உங்க பேர்ல பதிவு ஆகியிருக்கு. விருந்தினர் பெயரை மாத்தணும்னு சார் சொல்றாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"ஜூலை இருபத்திரண்டா?" மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மண்டபத்துச் சத்தத்தில் அவள் காதில் தேதி விழவில்லை போலிருக்கிறது. "அது ஆடி மாசம்லா? ஆடியிலயா பிள்ளைகளை அனுப்புதீய? நல்லா இருக்கே நீங்க சீர் செய்யுதது!"

பேச்சிராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விரல் விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான். ஆடி நகரவில்லை. "தேதியை மாத்திருவோம், ஆவணிக்கு..." என்று இழுத்தான். "பாதிப் பாயிண்ட் சலுகை ஜூலையோட முடியுது சார், அப்புறம் இருமடங்கு ஆகும்" என்றது போன்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "நீங்க மனசாரச் சொன்னீய, அதுவே போதும்."

"அத்தைல்லா போகணும்னு இருந்தாங்க" என்றாள் ஜெயபிரியா, மெதுவாக. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்த ஒரே ஆள் அவள். ஆனால் பாலம்மாள் அதற்குள் தொடங்கிவிட்டாள்.

"நீ சும்மா இரு பிரியா. தம்பி, சபையில சொன்ன சீரு சொன்னதுதான். திரும்ப எடுத்தா நம்ம வீட்டுக்கு நல்லதா? பிள்ளைகளுக்கு ஆடி, எங்களுக்கு என்ன ஆடி? நானும் அத்தானும் போயிட்டு வாரோம். எங்க பெரிய மவன் சிங்கப்பூர்ல இருக்கான்லா, பாஸ்போர்ட் எல்லாம் இருக்கு. செல்வி, எங்க பேரைச் சொல்லிரு."

பேச்சிராஜ் ஒரு பெருமூச்சு விட்டான், பிரச்சினை தீர்ந்த பெருமூச்சு. "அதுவும் சரிதான். சொல்லு செல்வி."

முத்துசெல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்கும் அதில் ஒரு கோணலும் தெரியவில்லை. தீவுக்குப் பிள்ளைகள் போகலாம், பிள்ளையைப் பெற்றவர்கள் போகலாம், இன்னும் கேட்டால் அந்த சித்தப்பாகூட பைக்கில் போகலாம். இவள் ஒருத்தி மட்டும் போகக்கூடாது. இவள் போனால் அந்த வாரம் யார் பொங்கிப் போடுவது?

"மேடம், லைன்ல இருக்கீங்களா? யார் பெயரைச் சேர்க்கணும்?"

"யாரு பேரையும் சேர்க்க வேண்டாம்மா" என்றாள் முத்துசெல்வி. இருபத்துமூன்று வருஷ ஆத்திரம் குரலில் ஏறியிருந்தது. "என் பேரு அப்படியே இருக்கட்டும். ரெண்டாவதா ஒரு பேரு இருக்குல்லா, அதை எடுத்துருங்க."

"பேச்சிராஜ் என்ற பெயரா மேடம்?"

"அதேதான்."

அடுப்பில் கறி கொதித்து மூடியைத் தூக்கியது.

"ஏட்டி!" என்றான் பேச்சிராஜ். "என்ன பேசுத நீ? அந்த வாரம்தானே ஆடி அமாவாசை? ராயகிரியில இருந்து எல்லாரும் குளிக்க வருதாங்கல்லா, யாரு சமைப்பா?"

"பெரிய சட்டி பரண்ல இருக்கு."

"நான் என்னத்தைப் பொங்க?"

"அதுவும் சும்மா வாறதுதானே, நீங்க பொங்குங்க."

பாலம்மாள் எழுந்துவிட்டாள். "எங்க கட்டில் பீரோவுல வந்த பாயிண்டு..."

"மதினி, உங்க வீட்டுக்கு வந்தது கட்டிலும் பீரோவும். அதை வச்சுக்கோங்க. இருபத்துமூணு வருஷமா என் வீட்டுல தின்னுட்டுப் போனீயளே, அதுக்கு நான் எந்தப் பாயிண்டைக் கேட்டேன்?"

இப்படி ஒரு கேள்வியை பாலம்மாள் இந்த ஜென்மத்தில் எதிர்பார்த்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் முத்துசெல்வியை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மாத்தியாச்சு மேடம்" என்றது போன், கூடத்தில் நடந்தது எதுவும் தெரியாத குரலில். "ஒரே ஒரு விருந்தினர். நீங்க எங்க பழைய உறுப்பினர்ங்கிறதால காலைச் சாப்பாட்டை உங்க அறைக்கே கொண்டுவந்து தருவாங்க. உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் மேடம்?"

பேச்சிராஜுக்கு முறுகல் தோசை. பாலம்மாளுக்கு உப்புக் குறைவு. அவள் புருஷனுக்குத் தேங்காய் ஆகாது. ஜெயபிரியாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். கூடத்தில் இருந்த முப்பது பேருக்கும் பிடித்தது பிடிக்காதது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எதுவோ பிடித்திருந்தது, அது என்னவென்று மறந்துபோயிருந்தது. மைக்கில் கொடுத்ததைவிட, சும்மா என்று சொன்னதைவிட, இதுதான் அவளுக்குத் தாங்க முடியாத ஆத்திரமாக இருந்தது.

"சாப்பாடு ரெடியா?" என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா, யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் முத்துசெல்வி. மாப்பிள்ளையின் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். முத்துசெல்வி போனை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து யோசித்தாள்.