முப்பத்தொன்றாம் எண் வீட்டின் சூடு

கூட்டுறவுக் கடையில் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலை வெர்னர் மூன்றாம் முறையாகப் படித்தார். எண்பத்து நாலு வீடுகள். பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர் இந்தத் தீவில் பிறந்தவராக இருக்க முடியாது. முப்பத்தொன்று என்றால் சாலை முடிகிற இடத்தில் தனியாக நிற்கும் வெர்னர் வீடு என்று எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பிப்ரவரியில் இரண்டு வாரம் ஒவ்வொரு வீடும் சூட்டுக்காக எரித்த எண்ணெயின் அளவு அது. எண்பத்தொன்று, எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயரவாரியாக நின்றாற்போல் எல்லாம் அக்கம்பக்கமாக இருந்தன. நடுவில் முப்பத்தொன்றாம் எண் மட்டும் நூற்று நாற்பத்தாறு லிட்டர் என்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தீவில் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள். தலையை நீட்டினால் மன்னிக்க மாட்டார்கள்.

"உன் வீட்டு எண்ணெய் அளக்கற பெட்டி சரியா வேலை செஞ்சுதாப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பிரேபென். பன்றிப் பண்ணைக்காரர், ஊர்ச் சங்கத்தின் தலைவர்.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கறவன் ரொட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்."

பிரேபென் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் வெர்னருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு குளிர்காலமாகத் திங்கட்கிழமை சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நடந்துவந்தது. பெருநிலத்திலிருந்து வந்த மலேனே என்ற பொறியாளர் பாடம் எடுத்தாள். ரொட்டி சுடுகிறவர், தபால்காரி, பன்றி வளர்க்கிறவர்கள் என்று நாற்பது பேர் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று கணக்குப் போடக் கற்றார்கள். கடைசியில் ஒரு திட்டம் பிறந்தது. வீட்டுக்கு வீடு எண்ணெய் எரிப்பதை விட்டுவிட்டு, ஊர் எல்லையில் பெரிய கொதிகலன் ஒன்று. அதில் தங்கள் வயலின் வைக்கோலையே எரித்து, வெந்நீரைக் குழாயில் வீடுகளுக்கு அனுப்புவது. முந்தின வருஷம்தான் ஏழாம் வகுப்பைப் பெருநிலத்துக்கு மாற்றியிருந்தார்கள். செலவு குறைந்தால் இளங்குடும்பங்கள் தீவிலேயே தங்கும், பள்ளிக்கூடமும் தங்கும் என்பது அவர்கள் ஆசை. கொதிகலன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

வெர்னர் அந்த வகுப்புக்குப் போகவில்லை. "பன்னி மேய்க்கறவனும் ரொட்டி சுடறவனும் சேந்து கொதிகலன் கட்டப் போறானுங்களாம்" என்று படகில் சிரித்தார். முப்பது வருஷமாகப் பெருநிலத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் படகில் கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. காலை ஆறரைக்குப் போனால் மூன்றேகாலுக்குத்தான் வீடு.

ஆனால் இப்போது சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் குழாய் எதுவரை போகும் என்று முடிவெடுக்கப் போகிறார்கள். கடைசி அண்டை வீட்டிலிருந்து வெர்னர் வீட்டுக்கு அறுநூறு மீட்டர். ஒரே ஒரு வீட்டுக்காக அறுநூறு மீட்டர் தோண்ட யாருக்குத்தான் மனசு வரும்? குழாய் வராவிட்டால் எண்ணெயும் வராது. தனி ஒரு வீட்டுக்காக எண்ணெய் வண்டி கப்பலேறி வரப்போவதில்லை. அவர் மனைவி யூட்டேக்கு முடக்குவாதம். விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல் முடிச்சிட்டுப் போய், மூன்று வருஷமாக வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாள். குளிர் பட்டால் அன்று முழுக்கச் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. வெர்னருக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் குளிரக் கூடாது.

அதனால்தான் அவருக்கு எல்லாமே சூழ்ச்சியாகத் தெரிந்தது. அளவெடுக்கத் தொடங்கி ஒரு வாரத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்த மலேனே வீட்டுக்கு வந்தாள். நிலவறைக்குப் போய், வீட்டைச் சூடேற்றும் எண்ணெய் அடுப்பில் மாட்டியிருந்த அளவுப் பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள்.

"பழசுக்கு என்ன கேடு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. சரிபாக்கத்தான்."

"மத்த வீட்டுல எல்லாம் சரிபாத்தீங்களா?"

அவள் பழைய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். புதுப் பெட்டியில் வேண்டுமென்றே எண்ணை ஏற்றிவிட்டாள் என்று வெர்னர் அன்றே தீர்மானித்துவிட்டார். ஓட்டை வீடு என்று பெயர் கட்டிவிட்டால் குழாய் போடாமல் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

"நீ எல்லாத்தையும் கோணலாப் பாக்கற" என்றாள் யூட்டே.

"கோணலா இருக்கறதை வேற எப்படிப் பாக்கறது?"

"விடேன். குழாய் வராட்டி என்ன, நான் போர்வை போத்திக்கறேன்."

"நீ போர்வை போத்திக்கிட்டு உக்காரவா நான் இத்தனை வருஷம் உழைச்சேன்?"

அவள் பேச்சை மாற்றி உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா பார் என்றாள்.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு? வெர்னர் துப்புத் துலக்கப் புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், தொப்பிக்குள் ஒரு சின்ன வெப்பமானியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சாக்குக்குக் கையில் புகைபோட்ட விலாங்கு மீன் துண்டுகள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவரைப் பார்த்து எல்லோரும் விழித்தார்கள். ஆனால் வாசலுக்கு வந்தவருக்குக் காப்பி ஊற்றாமல் அனுப்பினால் இந்த ஊரில் அவமானம். உட்கார வைத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், காப்பியைக் குடித்தார், எழுந்தபோது தொப்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

பிரேபென் வீட்டில் அவர் மனைவி லிஸ்பெத் கம்பளிக் கோட்டோடு காப்பி ஊற்றினாள்.

"எங்கயாவது கிளம்பறியா?" என்றார் வெர்னர்.

"இல்லையே. இப்பதான் தோட்டத்துலருந்து வந்தேன்."

தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. மேசையில் ஆறு மெழுகுவத்தி எரிந்தன, அழகுக்கு என்றாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. தொப்பிக்குள் பதினாலு டிகிரி காட்டியது.

ரொட்டிக்காரர் வீட்டில் பதினைந்து. தபால்காரி வீட்டில் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதின, அங்கே பதிமூன்று. மொத்தம் ஒன்பது வீடு, ஒன்பது காப்பி. வயிறு கடமுடவென்று இரைய, வெர்னர் வீடு திரும்பியபோது அவர் மனசு மட்டும் குளிர்ந்திருந்தது. பெட்டியில் சூழ்ச்சி இல்லை. சூழ்ச்சி ஊரில்தான் இருந்தது. எண் கடையில் ஒட்டப்படும் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டைவிடத் தன் வீடு ஊதாரியாகத் தெரியக் கூடாது என்று ஒவ்வொருவரும் அடுப்பைத் தணித்துவிட்டார்கள். அளவெடுத்து முடிந்த பிறகும், யார் முதலில் ஏற்றினார்கள் என்ற பேச்சு வருமோ என்று அப்படியே நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இப்படியா எடுத்துக்கொள்வது? யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசி வைத்துக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்தது. வழக்கம்போல் முதலில் எல்லோரும் நின்று ஒரு பாட்டைப் பாடினார்கள், பிறகு கேக் சாப்பிட்டார்கள். யூட்டே வெர்னருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரேபென் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"முப்பத்தொண்ணாம் வீட்டுக்குக் குழாய் வேணுமாங்கறதைக் கொஞ்சம் யோசிக்கணும். யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா அந்த வீட்டுல சூடு நிக்கலைன்னு எண்ணே சொல்லுது."

வெர்னர் எழுந்தார். இந்த நிமிஷத்துக்காக அவர் நாலு நாள் காத்திருந்தார்.

"உன் வீட்டுக் கூடத்துல ஞாயித்துக்கிழமை எத்தனை டிகிரி தெரியுமா பிரேபென்? பதினாலு." கையிலிருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் படித்தார். பதினைந்து. பதிமூன்று. பதினாலரை. லிஸ்பெத்தின் கழுத்து சிவந்தது. தபால்காரி தன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"இந்த எண்ணை நம்பிச் சின்னக் கொதிகலனா வாங்குங்க. அடுத்த ஜனவரியில மொத்தத் தீவும் கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கலாம். ரெண்டு வருஷம் படிச்சீங்களே, பொய்க் கணக்குப் போடவா படிச்சீங்க?"

மலேனே மெதுவாகச் சொன்னாள். "அவர் சொல்றது சரி. எல்லா வீடும் ஒரே மாதிரி வந்தப்பவே நான் கேட்டிருக்கணும். வெளியூர்க்காரி எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

வெர்னருக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"எண்பத்து நாலு வீட்டுல பொய் சொல்லாத வீடு ஒண்ணே ஒண்ணுதான். எழுதிக்க."

மலேனே எழுதவில்லை. அவள் பார்வை ஒரு கணம் யூட்டேயின் பக்கம் போய்த் திரும்பியது. வெர்னரின் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

"என்ன, அங்க என்ன பாக்கற? என் எண்ணுலயும் குத்தமா?"

"அதை அப்புறம் தனியாப் பேசலாமே."

"தனியா என்ன பேச்சு? ஊருக்கு முன்னாடி ஒட்டினீங்கல்ல, ஊருக்கு முன்னாடியே காட்டு."

"வேண்டாம் வெர்னர்."

"காட்டுன்னு சொல்றேன்ல."

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரையில் ஒரு படத்தைப் போட்டாள். முப்பத்தொன்றாம் வீட்டின் அடுப்பு மணிக்கு மணி எரிந்த கோடு. காலை ஆறு வரை உயரமாக ஓடியது. ஏழு மணிக்குத் தொப்பென்று விழுந்தது. மதியம் வரை தரையோடு தரையாகக் கிடந்து, இரண்டு மணிக்குச் செங்குத்தாக ஏறியது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் வீட்டில் இருக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோடு விழவேயில்லை.

"பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத்தான் மாத்தினேன்" என்றாள் மலேனே. "புதுப் பெட்டியும் இதையேதான் காட்டுச்சு."

"ரெண்டு பெட்டியுமே கோளாறு" என்றார் வெர்னர்.

"பெட்டி சரியாத்தான் இருக்கு" என்றாள் யூட்டே.

அவள் எழுந்திருக்கவில்லை. முன் நாற்காலியின் முதுகைப் பார்த்துப் பேசினாள். "இவர் போனதும் நான் தணிச்சிருவேன். ரெண்டு மணிக்கு ஏத்துவேன். நடுவுல பதிமூணு, பதினாலு இருக்கும். நான் படுக்கையில இருப்பேன்."

"இந்த ரெண்டு வாரமா?" வெர்னர் கேட்டார்.

"மூணு குளிர்காலமா."

யூட்டே முடிச்சிட்ட விரல்களைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எண்ணெய் வண்டி நம்ம வீட்டுக்கு வரணும்னா ஊர் முழுக்கத் தாண்டி வரணும்" என்றாள். "எத்தனை தடவை வருதுன்னு எல்லாரும் ஜன்னல்ல பாக்கறாங்க. வேலைக்குப் போகாம வீட்ல உக்காந்துக்கிட்டு இவளுக்கு என்ன சூடு கேக்குதுன்னு சொல்லுவாங்க."

"நாங்க அப்படிச் சொன்னதே இல்லையே யூட்டே" என்றாள் லிஸ்பெத்.

"சொன்னீங்கன்னு சொல்லலை. சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

லிஸ்பெத் கேக் தட்டை நகர்த்தி வைத்தாள். "எங்க வீடு பதினாலுதான்" என்றாள் பிறகு. "பேரன் வந்தா மட்டும் ஏத்துவோம்." தன் வீடும் அப்படித்தான் என்பதுபோல் ரொட்டிக்காரர் கையைத் தூக்கினார். தபால்காரி தூக்கினாள். யாரும் ஓட்டெடுப்பு என்று சொல்லாமலே மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. இருபத்தொரு டிகிரி வைத்து, பட்டியல் எதுவும் ஒட்டாமல், மறுபடி அளப்பது என்று முடிவாயிற்று. "முப்பத்தொண்ணாம் வீட்டுக்கும் சேத்துத்தான் தோண்டறோம்" என்று பிரேபென் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். வெர்னர் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பனி காலடியில் நொறுங்கியது. படகில் வருகிறவன் போகிறவன் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர், ஊரில் ஒன்பது வீட்டுக்குள் புகுந்து அளந்த மனிதர், சொந்த வீட்டில் மூன்று வருஷமாக நடந்தது தெரியாமல் இருந்திருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகுகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்றது? தினமும் மூணேகாலுக்கு உள்ள வந்து, கோட்டைக் கழட்டிக்கிட்டே, இந்தத் தீவுலயே கதகதப்பான வீடு நம்ம வீடுதான்னு சொல்லுவே. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலை."

கடைசி அண்டை வீட்டைத் தாண்டி, குழாய் வரப்போகிற அந்த அறுநூறு மீட்டரில் பாதி நடந்த பிறகுதான் வெர்னர் கேட்டார்.

"இப்போ கை குளிருதா?"

இல்லை என்று சொல்லத்தான் யூட்டே வாயெடுத்தாள். பழக்கம் அப்படி.

"குளிருது" என்றாள். "ரொம்பக் குளிருது வெர்னர்."