எட்டியம்மன் வாக்கு

யுவராணி கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது கோயில் கூரையின் தகரத்திலிருந்த ஓட்டையும் அதன் வழியாக இறங்கிய வெயிலும்தான். வெயிலுக்குள் கற்பூரப் புகை அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. புடவையெல்லாம் மஞ்சள் தண்ணீர், நாக்கில் கற்பூரக் கசப்பு. ஆக, ஆத்தா வந்து, பேசி, மலையேறிவிட்டாள். இனி வழக்கமாக நடப்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சொர்ணம் அக்கா அவள் தலையை மடியில் தாங்கி, கோலி சோடாவைப் புகட்டிக்கொண்டே, ஆத்தா யார் யாருக்கு என்னென்ன சொன்னாள் என்று காதோரமாக ஒப்பிப்பாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை யுவராணி இப்படி அடுத்தவர் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேன்டீன் வேலைக்குப் போகும் ரயிலில் தூங்கிப்போனால், நடுவில் எந்தெந்த ஸ்டேஷன் கடந்தது என்று எப்படித் தெரியாதோ அதே போலத்தான் இதுவும்.

அன்று சொர்ணம் தலையைத் தாங்கியிருந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கூட்டமும் கலையாமல் நின்றது. உடுக்கை அடிக்கும் செங்கல்வராயன் உடுக்கையைத் துணியில் சுற்றியபடி தரையையே பார்த்தார். அவள் கணவன் உதயகுமார் வாசலில் செருப்பைத் தேடுகிறவனைப் போலக் குனிந்து நின்றான். செருப்பு அவன் காலிலேயே இருந்தது.

"இன்னாக்கா சொன்னா?"

"ஒண்ணுமில்ல. எழுந்து வா, ஊட்டுக்குப் போலாம்."

யுவராணி எழுந்து புடவையைப் பிழிந்தாள். எதற்குப் பயந்திருந்தாளோ அது நடந்துவிட்டதா?

விஷயம் இதுதான். சேக்காட்டில் அந்தத் தெருமுனை எட்டியம்மன் கோயில் நிற்கும் இடம் அரசாங்க நிலம். தெருவை அகலப்படுத்துவதற்காக அளக்க வந்தவர்கள் கோயிலின் முன்சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வார்டு தேர்தல் வந்தது. உதயகுமார் சார்ந்த கட்சியின் சார்பில் தமிழரசு நின்றான். அதே தெருவில் வளர்ந்தவன். எதிர்க்கட்சியில் ரேவதி டீச்சர். போன வாரம் ஒரு சாயங்காலம் தமிழரசு வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "அண்ணி, வெள்ளிக்கெழம ஆத்தா வர்றப்போ என் பேர ஒரு தபா சொன்னா போதும். கோயில்மேல ஒரு கை வைக்க வுட மாட்டேன். அண்ணாத்தே சாட்சி."

"அது என் வாய்தான் தமிழு. பேசறது நான் இல்லியே."

"தெரியும் அண்ணி. ஆத்தாவாண்ட நீங்க ஒரு வார்த்த சொல்லி வைக்கலாமில்ல?"

உதயகுமார் அவளைப் பார்த்தான். அவனுடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டின் ஓட்டுகள் ஒரே பெட்டியில்தான் விழுகின்றன என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. மருமகளாக வந்தவளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் திருத்தியதில்லை. உண்மையில் அவள் ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறாள். ஒரு தடவை கணவனின் கட்சிக்கு. ஒரு தடவை, வேகாத வெயிலில் தனியாக நடந்து வந்து அவள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, சொம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போன, பேர்கூட நினைவில்லாத சுயேச்சைப் பெண்ணுக்கு. ஒரு தடவை எதிரணிக்கு. யார்மேலும் கோபமில்லை. ஓட்டுச்சாவடியில் மறைப்பின் பின்னால் போய் நின்றதும் அவளுக்குள் ஏதோ ஓர் அமைதி வரும். அவள் வாழ்க்கையில் வேறு யாரும் உள்ளே வராத இடம் அது ஒன்றுதான். வீட்டில் மாமியார் இருந்த வரை மாமியார், பிறகு பிள்ளைகள். கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கும்போது சூப்பர்வைசர். கோயிலிலோ அவள் உடம்பே அவளுடையதில்லை.

கல்யாணமாகி வந்த இரண்டாவது ஆடியில், கூழ் ஊற்றும்போது, முதல் தடவை ஆத்தா வந்தாள். அன்றிலிருந்து யுவராணி ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தாள். தன் ஆசை எதையும் கோயிலுக்குள் எடுத்துப் போவதில்லை. ஆசை உள்ளே இருந்தால் அது ஆத்தாவின் குரலில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயம். பெரியவனின் பரீட்சை, உதயகுமாரின் குடல் ஆபரேஷன், எதற்குமே அவள் வெள்ளிக்கிழமையில் வேண்டியதில்லை. இந்தத் தடவை மட்டும் முடியவில்லை. வாரம் முழுக்க அந்தச் சிவப்பு அம்புக்குறி கண்ணுக்குள்ளேயே இருந்தது. இடித்துவிட்டால் ஆத்தா எங்கே போவாள்? அப்படி நினைத்து நினைத்தே தமிழரசின் பேரைத் தன் வாயே சொல்லிவிட்டதா? சொன்னது ஆத்தாவா, தானா? இனி எப்படித் தெரியும்?

வீட்டில் உதயகுமார் பேசவில்லை. காலையில் சாப்பாட்டுப் பையை வாங்கியதும் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கட்டிக் கொடுத்த சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும். குழாயடியில் ரேவதி டீச்சரின் தங்கை அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். எதற்கென்று தெரியவில்லை. தெருவில் ஆண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சொர்ணமோ, "என்ன ஏன்டி கேக்கற, உன் ஊட்டுக்காரனக் கேளு" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யுவராணிக்குப் புரியவில்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் போல அந்த நாட்கள் போயின. எல்லோருடைய வாயும் அசைந்தது, எதுவும் காதுக்கு எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போது பிரசார ஆட்டோவின் ஒலிபெருக்கி எதிரே வந்தது. "அன்னை எட்டியம்மன் வாக்குத் தந்த வேட்பாளர், உங்கள் வீட்டுப் பிள்ளை தமிழரசு..." யுவராணி சுவரோரமாக ஒதுங்கினாள். ஆட்டோ அவளைத் தாண்டிப் போய் முனையில் திரும்பியது.

உதயகுமார் வாசலில் உட்கார்ந்து, கழற்றிய சக்கரத்தின் நட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மாமா. நான் அப்படிச் சொன்னனா?"

அவன் வெகுநேரம் ஒரே நட்டைத் துடைத்தான்.

"நான்தான் கேட்டேன். ஆத்தா, தமிழுக்குப் போடச் சொல்லு, உன் ஊடு நிக்கணும்னேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பு... நான் கேட்டதே இல்ல அப்படி. மழையில நின்னவடா நானு, உன்னாண்ட ஊடு கேட்டனான்னா."

"அப்புறம்?"

"தமிழு வுடல. அப்ப யாருக்குத்தான் போடறதுன்னான். நீ உன் நெஞ்சத் தட்டிக் காட்டின. ஆத்தா சொன்னா..." அவன் குரல் இறங்கியது. "இத்தினி வருசமா இவளுக்குள்ள வந்து போறேன். எல்லாத்தயும் தொறந்து வெச்சிகினு கீறா. யாருக்கு ஓட்டுப் போட்டான்னு மட்டும் என்னாண்டகூடச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நீ யார்ரா கேக்கறதுக்குன்னா."

மண்ணெண்ணெயின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்து விரிந்து போயிற்று.

"அத்தினி பேர் எதிர்ல" என்றான் உதயகுமார். "நம்ம ஊட்டு ஓட்டுன்னு நான் ஊர் பூரா சொல்லிகினு திரிஞ்சிருக்கேன், ராணி. எத்தினி தபா நீ..." பாதியில் நிறுத்தினான். கண் கலங்கியிருந்தது. "வேணாம். நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா."

யுவராணி கையை நீட்டி, எண்ணெய்ப் பிசுக்கான அவன் மணிக்கட்டைத் தொட்டாள். பிறகு எழுந்து, முகம் கழுவி, தேர்தல் பந்தலுக்கு நடந்தாள்.

தமிழரசு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஆத்தா பேர எறக்கு தமிழு."

"அண்ணி, அங்க நூறு பேர் இருந்தாங்க. ஒவ்வொருத்தன் காதுலயும் ஒவ்வொண்ணு வுழுந்துது. ரேவதி டீச்சர் ஆளுங்க இன்னா சொல்லிகினு திரியறாங்க தெரியுமா? பொம்பளைக்குள்ள வர்றவ பொம்பளைக்குத்தான் ஓட்டுன்னு சொன்னாளாம்."

"அவங்களாண்டயும் போவேன். மொதல்ல நீ எறக்கு."

"நாளைக்குக் கோயில இடிக்கற மிஷின் வந்து நின்னா யார் பேசறது?"

"நீ பேசு. ஜெயிச்சாலும் பேசு, தோத்தாலும் பேசு. உனக்கு மொத மொட்ட அங்கதான் போட்டாங்க. அதுக்காவப் பேசு."

தமிழரசு மேசைமேல் கிடந்த துண்டறிக்கைகளை அடுக்கினான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். மறுநாள் ஆட்டோ வந்தது. பதிவு செய்த அதே குரல்தான். ஆத்தாவின் பேரையும் வாக்கையும் மட்டும் வெட்டியிருந்தார்கள், அந்த இடத்தை மூட மறந்துவிட்டார்கள். "அன்னை..." என்று தொடங்கி, ஒரு மூச்சு நேரத்துக்கு எதுவுமில்லாமல் கிடந்து, பிறகு "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று போயிற்று. தெரு முழுக்க அந்தச் சின்ன மௌனம் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்போது சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யுவராணி அதையே நினைத்தாள். அந்த ரகசியம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆகவே பேசியது அவளேதானோ? இல்லை, ஆத்தாதான் என்றால், இத்தனை வருஷமும் எல்லாக் கதவையும் தள்ளிக்கொண்டு வந்தவள் அந்த ஒரு கதவுக்கு வெளியே மட்டும் நின்றிருக்கிறாள். தான் குளிக்கும்போது யாரோ வெளியே புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தது இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது. கூடவே தொண்டையில் ஏதோ தித்தித்தது. இறங்க வேண்டிய பட்டரவாக்கம் வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவள் தட்டி எழுப்பினாள்.

ஓட்டு நாளன்று காலையில் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினாள். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. குங்குமத்தை இட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றாள். விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்பின் பின்னால் போனதும் ஒரு கணம் கண்ணை மூடினாள். உடம்பு சிலிர்க்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் கை அவளுடைய கையாகவே இருந்தது. அழுத்தினாள்.

வெளியே உதயகுமார் வண்டியோடு காத்திருந்தான். கட்சிக்காரர்கள் போட்டிருந்த மேசைப் பக்கம் அவன் போகவில்லை. அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் விட்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கரையில் நிறுத்திவிட்டு இரண்டு கிளாஸ் மோர் வாங்கி வந்தான்.

"வெய்யிலு மாசிலயே இப்படிக் கீது" என்றான்.

"ஆமா."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மோரைக் குடித்தான். ஏரியில் எதிர்க்கரைக் கட்டடங்கள் தலைகீழாகக் கிடந்தன. நடுவில் ஒரு கூழைக்கடா, வயதான ஆள் ஒருவர் கண் மூடி யோசிப்பதைப் போல மிதந்துகொண்டிருந்தது. திடீரென்று அது இறக்கையை விரித்து, தண்ணீரைக் காலால் தட்டித் தட்டி எழுந்தது. கட்டடங்களெல்லாம் உடைந்து நெளிந்தன. இருவரும் கிளாஸைக் கையில் பிடித்தபடி, அவை ஒன்றொன்றாகக் கூடி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.