மூன்று மில்லி

ரம்யா கையிலிருந்த கருவியின் குமிழை ஒருமுறை அமுக்கிவிட்டு எண்ணத் தொடங்கினாள். கணவன் மோகன்ராஜின் தொண்டையில் அந்தச் சின்ன மேடு அசையவில்லை. கஞ்சிப் பதத்துக்குப் பொடி கரைத்த மூன்று மில்லி தண்ணீர் நாக்கின் மேலேயே நின்றது. பதினாறு எண்ணும்போது மேடு ஏறி இறங்கியது. வழக்கப்படி இருபதுவரை எண்ணி முடித்து, அவன் வாயோரத்தைத் துடைத்தாள். நேற்று ஒன்பதிலேயே விழுங்கியிருந்தான்.

பக்கவாதம் வந்து எழுபது நாள் ஆகியிருந்தது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. மூக்கில் போட்ட குழாயை இரண்டு முறை அவனே இடது கையால் பிடுங்கிப் போட்டான். டாக்டர் கடைசியில் ஒரே ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பினார். ஒரு வாய்க்கு மூன்று மில்லி. மோவாயைத் தாழ்த்திப் பிடித்து, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. கூடினாலும், பொடி கரைக்காமல் கொடுத்தாலும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருமுறை அப்படிப் போய்த்தான் பத்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தான். அவன் நகங்கள் நீலம் பூத்ததை அன்றைக்கு ரம்யா பார்த்தாள்.

இனி அவன் எழுந்து நடப்பான் என்ற நினைப்பு அவளுக்கும் இல்லை. போகிறபோது அப்படி மூச்சு முட்டிப் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தக் கருவி அவன் செய்ததுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் சட்னி, சாம்பார், நெய் அளந்து ஊற்றும் கருவிகள் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷம் டிசைன் பார்த்தவன். முதல் அமுக்குக்கு வந்த அளவுதான் ஆயிரமாவது அமுக்குக்கும் வர வேண்டும் என்பான். அதைவிட அவனை வதைத்தது, அமுக்கி முடித்த பிறகு கருவியின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்து விழும் சொட்டு. கம்பெனியில் அவனுக்குச் ‘சொட்டு மோகன்’ என்றே பெயர். கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிறவனின் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிடுவான்.

படுக்கையில் கிடந்தபடி இடது கையால் அவன் கோணல்மாணலாக வரைந்ததை, கூட வேலை செய்யும் ஜெகன் எடுத்துப்போய்ச் செய்து வந்தான். நான்காவது வரைக்கும் சொட்டியது. ஐந்தாவதின் நுனியில் வாத்தின் வாய்போல ஒரு ரப்பர். அமுக்கினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். சமையலறைத் தராசைக் கட்டிலருகே வைக்கவும், கிண்ணத்தில் பத்து முறை அமுக்கவும் சைகை காட்டினான். முப்பது கிராம் காட்டியது. கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினான். இரண்டு தட்டு என்றால் சரி. ஒன்று என்றால் வேண்டாம்.

பதினொரு மணிக்கு அவனுடைய அக்கா முத்தம்மாள் பள்ளிப்பட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே கட்டிலுக்கு வந்தாள்.

“நைனா, அக்கா வந்துகிறேன்டா. கண்ணத் தொறந்து பாரு.”

திறந்து பார்த்தான். அவள் பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கையும், துணியில் சுற்றிய வெள்ளிச் சங்கையும் எடுத்தாள். அவன் பிறந்த கையோடு அம்மா படுத்த படுக்கையானபோது, பதினொரு வயதில் இவள்தான் அந்தச் சங்கால் அவனுக்குப் பால் புகட்டியிருக்கிறாள். அது ரம்யாவுக்கும் தெரியும்.

“நம்ம ஊட்டுப் பசும்பாலு. நாலு வாய் ஊத்திட்டன்னா நிம்மதியா போவான். இப்டி இஸ்துக்கினு கெடக்குறானே.”

“தண்ணியா எதையும் குடுக்கக் கூடாது அண்ணி. இருமல் வந்தா தாங்க மாட்டார்.”

“நான் இன்னா, வெஷமா கொண்டாந்துகிறேன்?”

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய சித்தப்பா அரசப்பனின் குரல் உள்ளே வந்தது. “போவப்போறவனுக்கு இன்னாம்மா அளவு? கூடப் பொறந்தவ ஆசப்பட்றா, வுடு.”

ரம்யா கட்டிலுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். பிறகு ஃபிளாஸ்க்கை வாங்கிப் போய், பாதிப் பாலில் பொடி கலந்து, கருவியில் நிரப்பி எடுத்து வந்தாள். நீங்களே அமுக்குங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்று நீட்டினாள்.

முத்தம்மாள் அதைத் தொடவில்லை. “மிஷின்ல ஊத்தவா மூணு பஸ் மாறி வந்தேன்? இவன் இன்னா இட்லியா, சட்னி ஊத்தறதுக்கு?”

கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு கேட்டது. இருவரும் திரும்பினார்கள். ரம்யா கருவியை அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

“இதுல குடுக்கட்டுமாங்க?”

ஒரு தட்டு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். “சங்குலயா?”

இரண்டு தட்டு.

“அதுல அளவு கெடையாது. பாலு தண்ணியா இருக்கு. உங்களுக்குத் தெரியாததா? அப்பவும் சங்குதானா?”

இந்த முறை கை எழ நேரமாயிற்று. முதல் தட்டுக்குப் பிறகு அப்படியே கிடந்தது. அதோடு நின்றுவிடட்டும் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மறுபடி எழுந்து ஒருமுறை சட்டத்தில் விழுந்தன.

ரம்யா கருவியை ஜன்னல் மேடையில் வைத்தாள். அவன் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து, மோவாயைத் தாழ்த்தி, இரண்டு விரலை அவன் தொண்டையில் வைத்தாள்.

“நான் சொன்னதும் நிறுத்திடணும் அண்ணி.”

முத்தம்மாள் சங்கைச் சாய்த்தாள். சங்கின் மூக்கிலிருந்து பால் நூலாக இறங்கியது. பாதி உள்ளே போயிற்று, மீதி கழுத்தில் வழிந்தது. விரலுக்கடியில் மேடு ஏறவில்லை. ஐந்து. எட்டு. போதும் என்ற சொல் ரம்யாவின் வாய்க்குள்ளேயே இருந்தது. பதினொன்றில் மேடு ஏறி இறங்கியது. முத்தம்மாள் மறுபடியும் சாய்த்தாள். மறுபடியும் இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது.

ரம்யா இருமலுக்காகக் காத்திருந்தாள். சென்னை போகிற மின்சார ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, அதன் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

முத்தம்மாள் கையை எடுக்கும்போது சங்கின் மூக்கில் தொங்கிய சொட்டு அவன் நெஞ்சில் விழுந்தது. அவன் கண்ணைத் தாழ்த்தி அதைப் பார்த்தான். உதட்டின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே போயிற்று.

அதற்குப் பிறகு தூங்கினான். மூன்று மணிக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. மூன்றே முக்காலுக்கு, கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் நேரத்தில், ஒரு இடைவெளி முடியவே இல்லை.

முதலில் யாரும் அழவில்லை. முத்தம்மாள் சங்கை இன்னும் மடியில்தான் வைத்திருந்தாள். அரசப்பன் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். எல்லோரும் ரம்யாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“ரம்யா,” என்றாள் முத்தம்மாள். “என்னாலயாம்மா?”

எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று ரம்யாவுக்குத் தெரியாது. அது எந்த வழியில் போயிற்று என்பதும் தெரியாது.

“அவர் இருமவேயில்லையே, அண்ணி,” என்றாள்.

முத்தம்மாள் அவன் காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் எழுந்தது.

அவன் கண்களை மூடி, மோவாயைக் கட்டி, வேட்டியைச் சரிசெய்துவிட்டு ரம்யா ஜன்னல் மேடையிலிருந்த கருவியை எடுத்தாள். உள்ளே பால் இருந்தது. அப்படியே விட்டால் ரப்பரில் திரிந்து ஒட்டிக்கொள்ளும், அன்றன்றைக்கே கழுவ வேண்டும் என்பது அவன் கண்டிப்பு. சமையலறைக்குப் போய்த் தொட்டிக்கு மேலே பிடித்து ஒருமுறை அமுக்கினாள். மூன்று மில்லி விழுந்தது. நுனி மூடிக்கொண்டது. ஒரு சொட்டுகூடத் தொங்கவில்லை.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மறுபடியும் அமுக்கினாள்.

ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது, கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கூடத்திலிருந்து அரசப்பன் கேட்டார்.

“தோ வரேன் மாமா,” என்றாள். எண்ணிக்கை பன்னிரண்டில் இருந்தது.