அடிக்கூடையில் ஒரு டின்

குழந்தையைச் சுமந்து வரும் தகப்பனுக்குப் பேரரசுகளும் எழுந்து நின்று வழிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் நன்னெறி ஆசிரியர் இதைச் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த மேடையில் பேரரசு எதுவும் இல்லாததால் கூற்றைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. தெருமுனைப் பல்பொருள் அங்காடிதான் சோதித்தது. அது எழுந்திருக்கவும் இல்லை, வழிவிடவும் இல்லை.

"வண்டியை ஓரமா விட்டுட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கிட்டு உள்ள போங்க சார்" என்றார் வாசல் காவலாளி.

"தூங்கப் போறான்பா. எடுத்தா அழுவான்" என்றார் ஆசிரியர்.

"அழட்டும் சார். ரூல்ஸ்."

கதவுக்கு உட்புறம் ஒரு கம்பித் தடுப்பு. அதையொட்டி ஏழெட்டுக் குழந்தை வண்டிகள், பிள்ளைகள் இறக்கப்பட்டு, வரிசையாக நின்றன. மேலே ஒரு பலகை: 'மழலையர் எங்கள் விருந்தினர். அவர்களின் வண்டிகள் சோதனைக்கு உட்பட்டவை.' பக்கத்திலேயே இன்னொரு பலகை, புகைப்படங்களோடு: 'இவர்களை மறவோம்.' முதல்முறை வருகிறவர்கள், படத்தில் இருப்போர் இறந்துபோன ஊழியர்கள் என்று நினைத்துக் கண நேரம் மௌனமாக நிற்பதுண்டு. திருடிப் பிடிபட்டவர்கள் என்பது உற்றுப் பார்த்தால்தான் விளங்கும்.

இதெல்லாம் புது மேலாளரின் கைவரிசை. இழப்புத் தடுப்பு பற்றிய பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியவர் அவர். கடையில் காணாமல் போகும் பொருள் அத்தனையும் குழந்தை வண்டியின் அடிக்கூடையில் கச்சிதமாக அடங்குகின்றன என்பதை அளவு நாடா வைத்து நிரூபித்திருந்தார். கைப்பையிலும் அடங்குமே என்று கேட்ட கணக்காளரை இப்போது கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

காவலாளி ஒரே எண் போட்ட இரண்டு டோக்கன்களில் ஒன்றை வண்டியில் மாட்டினார். மற்றதை ஆசிரியர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி உள்ளே போனார். பேறுகால விடுப்பு முடிந்து அவர் மனைவி பல் மருத்துவமனை வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. "நீ நிம்மதியா போ. பிள்ளை பாத்துக்கறது என்ன கம்பசூத்திரமா?" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வீட்டில் டயப்பர் தீர்ந்துவிட்டது. அல்லது எங்கே இருக்கிறதென்று இவருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கடைக்குள் அவர் எங்கே திரும்பினாலும் சீருடைப் பெண் ஒருத்தி கூடவே திரும்பினாள். ஏற்கெனவே நேராக இருந்த சோப்புகளை நேராக்கினாள். அவர் அடுத்த வரிசைக்குப் போனதும் சோப்புகளுக்கு விடுதலை கிடைத்தது. பிஸ்கட்டுகள் நேராகத் தொடங்கின. ஆசிரியர் அதைக் கவனித்துவிட்டார். குற்றமற்றவன் எப்படி நடப்பான் என்று யோசித்து அப்படியே நடந்தார். கையிரண்டும் வெளியே தெரியும்படி வைத்தார். டயப்பர் பொட்டலத்தைக் கோப்பை வென்றவர் மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். காரணமில்லாமல் சீட்டியடித்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தேகம் உறுதியானது.

பணம் கட்டிவிட்டு வாசலுக்கு வந்து டோக்கனை நீட்டினார். காவலாளி ஒரு வண்டியை இழுத்து வந்து, ஆனால் கொடுக்காமல், நிறுத்திவைத்தார். கார்களுக்கு அடியில் வெடிகுண்டு தேடுவார்களே, அந்தக் கண்ணாடி பொருத்திய நீளக் கம்பியை வண்டிக்கு அடியில் விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இது கடைக்குள்ளேயே வரலையே! நீங்கதானே இங்க நிறுத்தினீங்க? அப்புறம் என்ன சோதனை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். சோதிக்கலைன்னா எனக்குச் சம்பளத்துல பிடிச்சிடுவாங்க."

வண்டியிலிருந்து ஒரு போர்வை வெளியே வந்தது. கிலுகிலுப்பை வந்தது. பாதி கடித்த பிஸ்கட் வந்தது. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இது உங்களோடதா?" என்று கேட்டார் காவலாளி. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாய்யா! போர்வை, பிஸ்கட், வண்டி, பிள்ளை, எல்லாமே என்னோடதுதான். பிள்ளைக்கும் பில் கேப்பீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடிக்கூடையிலிருந்து ஒரு பால்மாவு டின் வெளியே வந்தது. மூடி உடைக்காத டின். அதன் நெற்றியில் கடையின் விலைச்சீட்டு பளிச்சென்று இருந்தது.

காவலாளியின் முகம் மாறிவிட்டது. இத்தனை மாதமாக அவர் கம்பியை ஆட்டியதற்கு இன்றுதான் பலன். ஒரு கையால் கதவைச் சாத்தி, மறு கையால் வாக்கிடாக்கியை எடுத்தார். மேலாளர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் வாயால் கூப்பிடுவது நடைமுறைக்கு விரோதம்.

மேலாளர் டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"இது என்ன சார்?"

"பால்மாவு. எழுதியிருக்கே."

"பில்லு?"

ஆசிரியர் தன் பில்லை நீட்டினார். அதில் டயப்பர் மட்டும்தான் இருந்தது. மேலாளர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது வீட்டிலேர்ந்து கொண்டுவந்தது" என்றார் ஆசிரியர். அந்த டின்னை அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் எத்தனையோ சாமான் இருக்கிறது, எல்லாவற்றையுமா பார்க்கிறோம்? மனைவிதான் வைத்திருப்பாள். சந்தேகத்தைக் காட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்று குரலை உயர்த்தினார். "என் பிள்ளை பிறந்ததிலேர்ந்து இதைத்தான் குடிக்கிறான்!"

"டின்னுக்குக் கால் கிடையாது சார், தானா ஏறி உக்கார. இதுல ஒரு டெக்னிக் இருக்கு. ஒருத்தர் உள்ளேர்ந்து எடுத்துக் கொடுப்பார். இன்னொருத்தர் கம்பிக்கு அந்தப் பக்கம் வாங்கி வண்டியில போடுவார். எங்களுக்குப் பயிற்சியிலேயே காமிச்சாங்க."

"நான் தனியா வந்திருக்கேன். இன்னொருத்தர் யாரு?"

மேலாளர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கொட்டாவி விட்டது.

"அதையெல்லாம் போலீஸ் பாத்துக்கும். இல்லைன்னா, தப்புதான்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து போடுங்க. போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு விட்டுடறோம்."

சீருடைப் பெண் கைபேசியைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆசிரியரின் கண் 'இவர்களை மறவோம்' பலகைக்குப் போனது. இரண்டாம் வரிசையில் ஒரு படத்துக்கு இடம் காலியாக இருந்தது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். மாணவர்களும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் உப்பு புளி வாங்க இந்த வாசலில்தான் நுழைய வேண்டும். அதில் ஒருமுறை தொங்கிவிட்டால் பிறகு எந்த வகுப்பில் நின்று நன்னெறி சொல்வது?

"அட, நம்ம மைக் சாரு!" என்று வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது. மைக் என்பது மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர். கையில் மைக் கிடைத்தால், கரண்ட் போனால்தான் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பெயர் பெற்றோர் வரை பரவியிருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"நேரா பாருங்க சார். பிள்ளை முகம் மறைக்குது" என்றாள் சீருடைப் பெண்.

"ஒரு நிமிஷம்! என் மனைவிகிட்ட கேளுங்க. அவதான் வண்டியில எல்லாம் வச்சா."

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் மேலாளர்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். பின்னணியில் யாருடைய பல்லையோ குடையும் சத்தம்.

"என்னங்க? பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"பிள்ளை நல்லாத்தான் இருக்கான். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. வண்டியில பால்மாவு டின் வச்சியா?"

"பால்மாவா? அவன் டின் பாலை நாக்குல வச்சாலே துப்பிடுவானே. உங்களுக்குத் தெரியாதா? கூழ் கரைச்சு பிளாஸ்குல ஊத்தி வண்டியிலதான் வச்சிருக்கேன். கொடுத்தீங்களா இல்லையா?"

கூட்டத்திலிருந்து ஓர் 'உச்' எழுந்தது. மேலாளர் முகத்தில் சான்றிதழ் வாங்கிய அன்றைய களை. அப்பாவின் நெஞ்சு அடிக்கும் வேகம் பிடிக்காமல் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. வண்டியில் பிளாஸ்க் இல்லை என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

"ஒத்துக்கங்க சார்" என்றார் மேலாளர், கிட்டத்தட்ட அன்பாக. "முதல் தடவைன்னு எழுதிக்கறோம்."

அப்போதுதான் பணம் கட்டும் இடத்திலிருந்து, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்தாள்.

"ஐயையோ! என் வண்டியை ஏன்யா இப்படிக் குடலை உருவிப் போட்டிருக்கீங்க?"

எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு அவளை, பிறகு காவலாளியை. காவலாளி தன் கம்பியின் முனைக் கண்ணாடியைப் பார்த்தார்.

"டோக்கன் ரெண்டு மூணு கீழ கிடந்துச்சு சார்" என்றார் மெதுவாக. "பக்கத்துல இருந்த வண்டிகள்ல ஒரு உத்தேசமா மாட்டினேன்."

மேலாளர் அதற்கெல்லாம் அசரவில்லை. டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க சொல்லுங்கம்மா. இதுக்கு பில் இருக்கா?"

"நேத்து உங்க கடையிலதான வாங்கினேன்! அக்கா வீட்டுக்குக் கொடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். அதோ, அந்தப் பொண்ணுதான் பில்லு போட்டுச்சு, கேளுங்க."

"ஆமா சார்" என்று பணம் வாங்கும் இடத்திலிருந்து பதில் வந்தது. "நான்தான் போட்டேன். சில்லறை இல்லைன்னு சண்டைகூடப் போட்டாங்க."

சீருடைப் பெண் கைபேசியைத் தாழ்த்தினாள். மேலாளர் டின்னை இரண்டு கையாலும், ஏதோ பரிசு வழங்குவதுபோல், வண்டிக்குச் சொந்தக்காரியிடம் கொடுத்து, "ஒத்துழைப்புக்கு நன்றி" என்றார்.

ஆசிரியருக்கு உயிர் திரும்பியது. கூடவே குரலும் திரும்பியது. மைக் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"நன்றியா? எதுக்கு நன்றி? கையில பிள்ளை இருந்தா திருடனா? உங்க கடையில டயப்பர் விக்கறீங்க, பால் விக்கறீங்க, அதை வாங்க வர்றவனைக் கூண்டுல ஏத்தறீங்க. கோட்டு போட்டுக்கிட்டு வர்றவர் பையை ஒரு தடவை திறந்து பாத்திருக்கீங்களா? ஒரு பெத்தவனுக்குத் தெரியாதா, தன் பிள்ளையோட பொருள் எது, அடுத்தவன் பொருள் எதுன்னு?"

கைதட்டல் எழுந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "சரியா கேட்டீங்க" என்றுகூடச் சொன்னார். காவலாளி தலைகுனிந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அதெல்லாம் சரிதான் அண்ணே" என்றாள் டின்காரி, போர்வையை உதறி மடித்தபடி. "ஆனா என் வண்டியை எதுக்கு உங்களுதுன்னு அடிச்சுச் சொன்னீங்க? பிஸ்கட்டைக்கூட விடலையாமே?"

கைதட்டல் நின்றுவிட்டது.

"அவசரத்துல..." என்றார் ஆசிரியர்.

"பரவால்ல விடுங்கம்மா" என்று மேலாளர் இடையில் புகுந்தார். அவர் குரலில் மெல்ல ஒரு தெம்பு திரும்பியிருந்தது. கம்பித் தடுப்பின் பக்கம் கையை நீட்டினார். "சார், உங்க வண்டி எதுன்னு காமிங்க. நானே எடுத்துத் தர்றேன்."

தடுப்பையொட்டி வண்டிகள் நின்றன. கறுப்பு இரண்டு, சாம்பல் மூன்று, கருநீலம் ஒன்று, பச்சைக் கோடு போட்டது ஒன்று. ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் காவலாளியும் சீருடைப் பெண்ணும் காத்திருந்தார்கள். பிள்ளை மட்டும் எதையோ பார்த்துச் சிரித்தது; எந்த வண்டியைப் பார்த்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஹலோ? என்னங்க? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

ஆசிரியர் கைபேசியை வாயருகே கொண்டுபோய், நம் வண்டி என்ன நிறம் என்று கேட்டார். ஸ்பீக்கரை அவர் இன்னும் அணைத்திருக்கவில்லை.