பச்சை இதயம்

லிமாவில் பள்ளிக்கூடம் மூடி நான்கு மாதம். என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஓர் இதயம் அனுப்ப வேண்டும். மனசு நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், தாங்க முடியாவிட்டால் சிவப்பு. மேலிடத்து ஏற்பாடு. நானும் பட்டியலில் டிக் அடித்துவிட்டுப் பெரிதாகக் கிழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நயேலிக்குப் பதின்மூன்று வயது. ஜூனில் அவள் அப்பா கொரோனாவில் போய்விட்டார். ஆனாலும் தினம் முதல் பச்சை அவளுடையதுதான், விடியற்காலை ஐந்து மணிக்கே. தைரியசாலி என்று மெச்சினேன்.

இன்று அவள் எண்ணிலிருந்து குரல்பதிவு ஒன்று தவறுதலாக வந்தது. "உருளைக்கிழங்கு, மஞ்சக் கிழங்கு, வாங்கம்மா வாங்க!" அவள் அம்மா எதெல்மிராவின் குரல். வீட்டில் இருப்பதே ஒரு போன். அது விடியுமுன்பே அம்மாவோடு சந்தைக்குப் போய்விடுகிறது. அப்படியானால் இத்தனை நாளும் இதயம் அனுப்பியது யார்?

உடனே அழைத்தேன்.

"நான்தான் மிஸ். அவ பேசவே மாட்டேங்கிறா. சோறும் இறங்கல. சிவப்பு போட்டா கவர்மெண்ட் ஆளுங்க வந்து புள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். உண்மையில் அது என் மேலேயே எனக்கு வந்த கோபம்.

அவர்கள் வீடு இருக்கும் மலைமேட்டுப் படிகளில் முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட ஏறினேன். கதவைத் தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன்.

"நயேலி! மிஸ் வந்திருக்கேன். இருக்கேன்னாவது சொல்லுடி!"

"இருக்கேன் மிஸ்."

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரொட்டிக் கடை வரிசையில மாஸ்க்கை இறக்கிட்டேன் மிஸ். அப்பா செத்தது என்னாலதானே? அம்மாகிட்ட கேட்டேன். பதிலே சொல்லாம சந்தைக்குப் போயிட்டாங்க."

"எப்போ கேட்ட?"

"இருபது நாளாச்சு."

மேலிடம் அனுப்பிய கையேட்டில் இதற்கு நாலு வரி பதில் உண்டு. அதை நான் ஒப்பிக்கவில்லை. எதெல்மிராவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கதவோரம் பிடித்தேன்.

"உங்க பொண்ணு கேட்டதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. அவ கேட்டுட்டு இருக்கா."

சந்தை இரைச்சலுக்கு நடுவே ஓர் உடைந்த குரல்.

"நீ இல்லடி தங்கம். வேணாம் வேணாம்னு சொன்ன உங்கப்பாவை மூட்டை தூக்க இந்தச் சந்தைக்கு இழுத்துட்டு வந்தவ நான். அதை உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிடி சொல்லுவேன்?"

தாழ்ப்பாள் விலகியது. நயேலி என்னைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அழாதம்மா. வீட்டுக்கு வா."