இடுப்பு நாற்றங்கால்

என் மனைவியின் பெயர் மகாராணி. பெயருக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. முழங்கை கிழிந்த என் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, எங்கள் மலையூர் பள்ளங்கியில் ஊரார் பூண்டுக் காட்டிலெல்லாம் களையெடுத்தவள். தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப் வருவதற்குள் போய்விட்டாள்.

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் அதைத்தான் பேசினார்கள். மகள் சுபஸ்ரீ கோயம்புத்தூரிலிருந்து வந்து விழுந்து புரண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் உறைக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். டீ போதுமா என்று கேட்டேன்.

அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய தங்கை சின்னத்தாய் வெளியே வந்து, என் கையில் ஒரு சின்னத் துணி முடிச்சை வைத்தாள். ஈரமாக இருந்தது.

"அக்கா இடுப்புல இருந்துச்சு மாமா. மொளகா வெத. பத்திரமா வைங்க."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் குளிரில் மிளகாய் விதையை அப்படியே மண்ணில் போட்டால் முளைக்காது, அழுகிவிடும். பீன்ஸ், கேரட், கொத்தமல்லி எல்லாம் போட்ட இடத்தில் வரும். செண்டுப்பூ விதையை வீசினால் போதும். மிளகாய்க்கு மட்டும் சூடு வேண்டும். அதனால் மகாராணி விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, இடுப்பில் தோலோடு தோலாகச் செருகிக்கொள்வாள். ஆறு நாள் அது அங்கேயே இருக்கும். காட்டு வேலை, சமையல், சண்டை எல்லாம் அதோடுதான். ஏழாம் நாள் முளைவிட்ட விதையை எடுத்துத் தட்டில் ஊன்றுவாள். பாச்சலூரில் அவள் பிறந்த வீட்டுக் குண்டு மிளகாய் அது. இருபத்தாறு வருஷமாக எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் அதைக் காய்க்க வைத்தாள்.

நானோ கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் தோட்டக்காரன். கண்ணாடி வீட்டில், குழித்தட்டில், தென்னை நார்த்தூளில் பெட்டூனியாவும் சால்வியாவும் ஆயிரக்கணக்கில் முளைக்க வைக்கிறவன். அவள் முடிச்சைச் செருகும்போதெல்லாம், "என்னா, இடுப்பு நாற்றங்கால் தெறந்தாச்சா?" என்று கேட்பேன். "ஒங்க கண்ணாடி வீட்டுக்கு இது எம்புட்டோ மேலு" என்பாள். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

மயானத்தில் காரியம் முடிந்ததும், கொள்ளி வைத்தவன் ஓடையில் குளித்து, போட்டிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுக் கோடி வேட்டியோடு திரும்புவது எங்கள் வழக்கம். எனக்கு மகன் இல்லை, நானே வைத்தேன். சட்டையைக் கழற்றி எல்லாரையும் போல ஓடையில் விட்டேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கை தானாக மார்புப் பக்கம் போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடையில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவள் உடம்பில் கடைசியாக இருந்த சூடு அந்த முடிச்சில்தான் இருந்தது. அதைத்தான் ஓடையில் விட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. என்மேல் எனக்குக் கோபம் மட்டும் வந்தது, அதுவும் வீட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போனது.

கருமாதி முடிந்து சுபஸ்ரீ ஊருக்குப் போன பிறகு, அடுக்களைப் பரணில் விதை பாட்டில்களைப் பார்த்தேன். மகாராணி எந்த விதையையும் மொத்தமாகப் போடமாட்டாள். பனி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று பாதியை எப்போதும் ஒதுக்கி வைப்பாள். ஒரு பாட்டிலில், அடுப்புச் சாம்பலுக்குள் கிடந்தன குண்டு மிளகாய் விதைகள். சலித்து எடுத்தேன். இருபத்தோரு விதை.

சின்னத்தாய் அடுத்த வீடு. அவளிடம் விசாரித்தேன், வேறு யாரிடமாவது இந்த விதை இருக்குமா என்று.

"யாருகிட்ட இருக்கும்? எல்லாரும் மாசியில வந்து அக்காகிட்ட நாத்து வாங்கிட்டுப் போவாக. மகாராணிதான் இருக்காளேன்னு ஒருத்தரும் வெத எடுக்கல. நானும் எடுக்கல மாமா."

"பாச்சலூர்ல?"

"அங்க எங்க? காப்பியும் மொளகுமால்ல கெடக்கு."

ஆக, இந்த இருபத்தொன்று போனால் அவளுடைய மிளகாய் போயிற்று. அவள் செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான். அதையாவது முளைக்க வைக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் தவிப்பு ஒன்றும் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சோலி மாதிரி இருந்தது.

பத்து விதையை ஹோட்டலுக்குக் கொண்டுபோனேன். முப்பது வருஷத் தோட்டக்காரன், எனக்குத் தெரியாததா? நல்ல நார்த்தூள், புதுக் குழித்தட்டு, பூவாளியில் மெல்லத் தண்ணீர். கண்ணாடி வீடு பகலில் கதகதப்பாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்தால் அது வெறும் கண்ணாடி. பெட்டூனியா அந்தக் குளிரைத் தாங்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு குழியை விரலால் கிளறிப் பார்த்தேன். விதை கூழாக விரலில் ஒட்டியது. பத்தும் அப்படித்தான்.

சின்னத்தாயிடம் சொன்னேன். அவளுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்கணும்.

"ஒங்க வித்தையெல்லாம் ஓட்டலோட வச்சுக்கங்க. மிச்சத்தக் குடுங்க, நான் கட்டிக்கிறேன்."

"வேணாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. "நானே கட்டுறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? ஒங்க ஒடம்புல எங்க மாமா சூடு இருக்கு? ஒரு வேளதான் சாப்புடுறீக. இந்தப் பனியில பச்சத்தண்ணியில குளிக்கிறீக. வயிறு காஞ்சா ஒடம்பும் சில்லுன்னு ஆயிரும். அக்கா வெத கட்டுனா வெள்ளனே எந்திரிச்சு மொதல்ல ரெண்டு உருண்ட களி திம்பா, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் கேலி மட்டும் செய்திருக்கிறேன்.

அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தது சில்லென்று இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. மகாராணி போனதிலிருந்து எதுவும் சில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை. இந்த உடம்பிலா விதை முளைக்கும் என்று எனக்கே பயம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வந்த பயம் அது.

பதினோரு விதையையும் ஊறவைத்தேன். அவளுடைய பழைய சேலையில் ஓரம் கிழித்து முடிந்து, அரைஞாண்கயிற்றில் கட்டி, வயிற்றோடு ஒட்டினாற்போல வைத்து, மேலே பனியன், சட்டை, ஸ்வெட்டர். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரை முடிச்சின்மேல் தெளித்தேன். வெந்நீர் அடுப்பு ஒரு மாதத்துக்குப் பிறகு எரிந்தது. பசிக்காவிட்டாலும் மூன்று வேளையும் சாப்பிட்டேன். எனக்காகச் சாப்பிடவில்லை, மிளகாய்க்குச் சாப்பிட்டேன். சின்னத்தாய் கொடுத்த களியில் உப்பில்லை என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு நாளும் அப்படித்தான் இருந்ததாம், எனக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றேதான் போடாமல் விட்டாளாம்.

ஹோட்டல் மேனேஜர் ஜெயச்சந்திரன், நான் குனியாமல் குந்தி உட்கார்ந்து நாற்று நடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன திருமலைச்சாமி, இடுப்புல அடியா? லீவ் வேணுமா?" என்றார்.

"இல்ல சார். நாத்து போட்டிருக்கேன்" என்றேன். மனுஷன் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

இடையில் இரண்டு முறை அவிழ்த்துப் பார்க்கக் கை பரபரத்தது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று சின்னத்தாய் கண்டித்துச் சொல்லியிருந்தாள். மகாராணி எப்படித்தான் ஆறு நாள் பொறுத்தாளோ! சண்டை போடும்போது ஒரு கை எப்போதும் இடுப்பில் இருக்கும். என்னை மிரட்டத்தான் அப்படி நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். முடிச்சு நழுவாமல் பிடித்திருக்கிறாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிழக்குச் சுவரில் வெயில் விழுந்ததும் அங்கே போய் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். ஈரத்துணியில் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நுனி. பக்கத்து விதையிலும். அதற்கடுத்ததில் நுனி வளைந்து துணிக்குள்ளேயே வேர் விட்டிருந்தது. பதினொன்றில் எட்டு முளைத்திருந்தது.

என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். முடிச்சு இருந்த இடம் நல்ல சூடாக இருந்தது.

"ஏ மகாராணி!" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "இங்க வந்து பாரு! என் இடுப்பு ஒண்ணும் சோட போகல!"

கத்திவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டும் இருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், எட்டையும் எண்ணுவாள், மூன்று ஏன் வரவில்லை என்று குறை சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் சத்தமே இல்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தொன்பது நாளாக ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் சின்னத்தாய் கரண்டியோடு ஓடிவந்தாள். துணியைக் கையில் ஏந்திக்கொண்டு வாயைத் திறந்து அழுகிற என்னைப் பார்த்துவிட்டு, விதை எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"போனா போகுது, விடுங்க மாமா" என்றாள்.

"இல்ல சின்னத்தாயி" என்றேன். "மொளச்சிருச்சு."