மூன்றாவது ‘சரிங்க’

1

இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நண்பர் ஒருவர் கணினியில் ‘கொடுங்கோல்’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். அதில் நாம்தான் வில்லன். மலைக்குள் குகை, குகைக்குள் சிம்மாசனம், சுற்றிலும் எடுபிடிகள். நம்மை ஒழிக்க வரும் வீரர்கள் வாசலில் நின்று நீட்டி முழக்கி வசனம் பேசுவார்கள். பாதி வசனத்தில் காலடியில் பள்ளம் திறக்கும். விழுந்தவனுக்கு இரங்கல் கூட்டம் நடத்த எடுபிடிகள் அரை நாள் லீவு கேட்பார்கள். கொடுத்தால் வில்லனுக்கு மதிப்புக் குறையும், கொடுக்காவிட்டால் கலகம் வரும். வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை வைத்து ஒரு கதை தேற்றிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போனது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: “உலகத்தை அழிக்கக் கிளம்பிய அன்று பார்த்து வில்லனுக்கு ஜலதோஷம்.” (நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வாக்கியம் வரவில்லை.)

இரண்டாவது: “புகார் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்—”

இது பிடித்துக்கொண்டது. வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. வாரம் பூராவும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது கத்துவார்கள். இவன் தலையை ஆட்டி “சரிங்க, சரிங்க” என்பான். தங்கமான மனுஷன் என்று பெயர். ஞாயிறு மதியம் அந்த விளையாட்டில் அதே ஆள் கொடுங்கோலன். வாயில்லாப் பூச்சிக்கும் ஒரு சிம்மாசனம் வேண்டாமா?

அவனுக்கு டீ கொண்டுவர ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு மனைவியைப் போட்டேன். அவளுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்:

“மனைவி டீ டம்ளரை மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.”

எழுதிய பிறகுதான் உறைத்தது. சத்தமில்லாமல் என்று ஏன் எழுதினேன்? எவர்சில்வர் டம்ளர், மேலே கண்ணாடி போட்ட மேசை. சாதாரணமாக வைத்தால் ‘டக்’ என்று கேட்கும். கேட்காமல் இருக்க வேண்டுமானால் சுண்டுவிரலை அடியில் கொடுத்து, அதன் மேல் டம்ளரை இறக்கி, பிறகு மெதுவாக விரலை உருவ வேண்டும். [செய்து பார்த்தேன். விரல் சுட்டது.] ஒருத்தி இதை யோசிக்காமலே செய்கிறாள் என்றால், பல வருஷப் பழக்கமாகத்தான் இருக்கும்.

எனக்குப் பயம் வந்தது இந்த இடத்தில்தான். அவனை விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

3

அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுக பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், எல்லாம் வாயைத் திறந்தபடி. அவள் மெழுகை உருக்கி ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். பல்லைத் தேய்த்து ராவுகிற மெஷின் ஓடும்போது அதற்கு மேல் குரல் எடுத்துப் பாடுவாள். அங்கே அவள் சத்தக்காரி. நம்பச் சிரமமாக இருந்தாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை லேப் அக்கா (முதலாளியம்மாவை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “ஊருக்கு அந்தக் கோடியில இன்னொரு லேப் போடறேன். நீதான் முழுசா பாத்துக்கணும். வேற யாரையும் நான் நம்பல. திங்கக்கிழமை வந்து ஒரு பதில் சொல்லிடு.”

சந்தோஷத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த லேபுக்குப் போனால் அவன் வீடு திரும்பிய பிறகுதான் அவளால் வர முடியும். அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் என்ன சொல்வான் என்றும் தெரியும்.

அடிப்பானா என்று கேட்பீர்கள். இல்லை, கை ஓங்கியதே கிடையாது. கத்தவும் மாட்டான். “உன் இஷ்டம்” என்பான்.*

* இந்த இரண்டு வார்த்தையைத் தமிழில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பொரு தடவை தங்கை வீட்டில் அவள் கூடுதலாக ஒரு நாள் தங்கிவிட்டாள். “உன் இஷ்டம்” என்றான். அதன் பிறகு நாள்கணக்கில் பேச்சில்லை. போட்டதைச் சாப்பிட்டான், தட்டைத் தானே கழுவினான், அவள் இருந்த இடத்தை வெறும் இடம்போலக் கடந்து போனான். கடைசியில் எதற்கென்றே தெரியாமல் அவள் மன்னிப்புக் கேட்டாள். அவனும் பெருந்தன்மையாக மன்னித்தான்.

4

ஞாயிறு காலை அவள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போய் நின்றாள். “என்னங்க…”

“நல்ல நேரத்துல வந்த. உக்காரு. உன் குரல் வேணும்,” என்றான்.

விளையாட்டில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. எடுபிடிகளுக்கு நம் வீட்டுக் குரலையே கொடுக்கலாம். ஆணையிட்டால் எடுபிடி சொல்லும் பதில், நான்கு விதமாகப் பதிவு செய்ய வேண்டும். அவன் மைக்கை அவள் பக்கம் தள்ளினான்.

பயமில்லாத எடுபிடி: “சரிங்க.” பதிவானது.

கொஞ்சம் பயந்த எடுபிடி: “சரிங்க.” பதிவானது.

மூன்றாவதற்குத் திரையில் ஒரு குறிப்பு இருந்தது. முழுப் பயத்தில் இருப்பவன் ஆணை முடியும்வரை காத்திருக்க மாட்டான்.

“நான் ஒண்ணு சொல்றேன், நீ நடுவுலயே சொல்லணும். ரெண்டு மூணு தடவை பழகிக்கலாம். எங்க, அந்தக் கதவ—”

“சரிங்க.”

பழகத் தேவைப்படவில்லை. திரையில் பயத்தை அளக்கும் பட்டை சிவந்தது. ‘அற்புதம்! அசல் பயம்!’ என்று எழுத்துகள் குதித்தன. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கே கற்றுக்கொண்டாள் இந்த நடிப்பை என்று கேட்டான். அவளும் சிரித்தாள். அவன் நிறுத்தியதும் நிறுத்தினாள்.

நான்காவது, கலகக்கார எடுபிடி. அதற்கு வசனம்: “முடியாது.”

அவள் வாயைத் திறந்தாள். அலமாரித் தாடைகளைப் போல வாய் திறந்துதான் இருந்தது. ‘ஒலி பதிவாகவில்லை. மறுபடி முயலவும்.’ மறுபடி முயன்றாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவளுக்கே திகிலாக இருந்தது. தொண்டையில் ஏதோ அறுந்துவிட்டதோ என்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“விளையாட்டுக்குத்தானே, சொல்லேன்,” என்றான்.

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள்.

“சரி விடு. உன் இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு மேலே போனான். அந்த இரண்டு வார்த்தையை இந்தத் தடவை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனாலும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். போகிற போக்கில் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று வந்து மறைந்தது. அவன் பார்க்கவில்லை. பல் இடுக்கைப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு, படித்துவிட்டாள்: ‘இந்தக் குரல் இல்லாவிட்டால், கலகம் வரும்போது உங்களுக்குக் கேட்காது.’

5

இனி முடிவு.

முதல் முடிவில் அவன் சட்டென்று எல்லாம் புரிந்துகொண்டு அவள் கையைப் பிடித்து அழுகிறான். (கோடு போட்டு அடித்துவிட்டேன். என் மன நிம்மதிக்காக எழுதியது அது.)

இரண்டாவது முடிவில் அவள் மைக்கைப் பிடுங்கி “முடியாது” என்று வீடே அதிரக் கத்துகிறாள். கைதட்டல் கிடைக்கும். அவளைக் கூப்பிட்டு, “இப்போது நீ கத்த வேண்டும், அதுதான் கதைக்கு—” என்று ஆரம்பித்தேன்.

“சரிங்க,” என்றாள்.

நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். குகையும் சிம்மாசனமும் எனக்கும் இருந்திருக்கின்றன. அது தெரியாமலே இத்தனை பக்கம் ஆண்டிருக்கிறேன்.

6

மதியம். டம்ளரோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். விடிந்தால் திங்கட்கிழமை, லேப் அக்கா பதில் கேட்பாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைக்குக் கீழே எங்கோ கிடக்கிறது.

திரையில் வில்லன் சிம்மாசனத்தில் சாய்ந்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், குகையின் இருட்டுக்குள்ளிருந்து எடுபிடிகள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். கையில் விளக்குமாறு, கரண்டி, ஏணி. சின்னச் சத்தம்கூட இல்லை. அவளுடைய குரல்தான் அவர்களுக்கும். அவளுக்கு வராதது அவர்களுக்கும் வரவில்லை. ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

“பாத்தியா, எல்லாம் எப்படி அடங்கிக் கெடக்குது,” திரையில் விழுந்த அவள் நிழலைப் பார்த்து, நாற்காலியிலிருந்து திரும்பாமலே சொல்கிறான்.

அவளுக்குப் பயம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன், அது பொய். பயத்தோடேதான் குனிகிறாள். பழக்கம்போலச் சுண்டுவிரல் டம்ளருக்கு அடியில் போகிறது. அங்கே ஒரு கணம் நிற்கிறது. பிறகு அவள் டம்ளரை மேசையில்—

இதற்குமேல் நான் ஆணையிடப் போவதில்லை. விரல் அவளுடையது. அவன் காதில் ஹெட்போன் இருக்கிறது, அவனுக்குக் கேட்க நேரமாகும். நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். அந்த ‘டக்’ கேட்டால் முதலில் உங்களுக்குத்தான் கேட்கும்.